நடப்படாத நடுகல்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் பழம்பதி உள்ளது. அதன் ஒருபால் பரந்த ஏரி. மறுபால் வங்கக் கடல். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்திய நாட்டில் பெரிய உப்பங்கழி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தென்பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டுகளிலும், ஏரியின் நடுவே எழுந்த தீவுகளிலும், கரையோரத்திலும் மீனவர் சிற்றூர்கள் பல உள்ளன. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம் என்பன அவற்றுட் சில. நீர் சூழ்ந்த ஊர்களுக்குப் பல தலைமுறைகளாகப் படகே பாலமாக இருந்தது.

பழவேற்காட்டுக்கு வருவோர் தவறாது காணும் இடம் ஒன்று உண்டு. அது ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பெற்றுள்ளன. உள்ளே பெரிய கற்பலகைகள் நிரல்பட அமைந்துள்ளன. அவற்றில் ஒல்லாந்த மொழி எழுத்துகளும் குலச் சின்னங்களும் பொறிக்கப்பெற்றுள்ளன. கடல் கடந்து வந்த வணிகர் யார், அவர்தம் மனைவியர் யார், எந்த ஆண்டில் எவ்வயதில் மறைந்தனர் என்பவற்றை அக்கற்கள் இன்றும் சொல்லுகின்றன. இந்தியத் தொல்லியல் துறை அத்தோட்டத்தைப் பாதுகாத்து வருகிறது. அது செய்யத்தக்க பணியே. இறந்தோர் எந்நாட்டினராயினும் அவர்தம் கல்லறையைப் பேணுதல் நாகரிகம் அன்றோ?

ஆயினும், அக்கற்களைப் படித்து நிமிர்ந்தவன் ஏரியின் பக்கம் திரும்பினால், உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. அதே நூற்றாண்டில், அதே கரையில், அதே காற்றையும் கதிரவனையும் தாங்கி வாழ்ந்த மீனவர்க்குக் கல் எங்கே? வேற்று நாட்டார் இங்குக் கொணர்ந்த போர்களின் சுமை அவர்கள் தோளிலும் ஏறிற்று. போரைக் கொண்டு வந்தோரின் பெயர் கல்லில் உள்ளது. போரைத் தாங்கினோரின் பெயர் ஓரிடத்தும் இல்லை. அக்குறையை இவ்வூர்களே தீர்த்துக் கொள்ளுதல் வேண்டும். அதனைக் காலந்தாழ்த்தாது செய்தல் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு.

போர் என்றவுடன் மாணவர் மனக்கண் முன் தோன்றுவன யானையும் குதிரையும், பீரங்கியும் கொடியுமாகும். மீனவன் இல்லத்துக்குப் போர் வேறோர் உருவில் வருகிறது. நேற்று வலை போட்ட நீரில் இன்று ஒரு பகைக் கப்பல் நிற்கும். படகைக் கேட்டு அதிகாரியின் ஆள் வருவான். உலர்த்திய மீனை வாங்க வணிகன் வாரான். அரிசியின் விலையோ ஏறும். மீனவனைப் பொறுத்தவரையில் போர் என்பது இதுவே. வரலாற்று நூல்களில் இதற்கு ஒரு வரியும் கிடைப்பது அரிது.

பழவேற்காட்டின் போர்க்கதை நெடியது. 1610-ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் இங்கே பண்டகசாலை அமைத்தனர். மயிலாப்பூர்ச் சாந்தோமில் வீற்றிருந்த போர்த்துகீசியருக்கு அது பொறுக்கவில்லை. 1612-இல் அவர்கள் வந்து தாக்கிப் பண்டகசாலையை அழித்தனர். மறு ஆண்டே ஒல்லாந்தர் ஒரு கோட்டை எழுப்பினர். கெல்டிரியா என்பது அதன் பெயர். அங்கே வெடிமருந்தும் செய்தனர். அம்மருந்து கீழைக் கடல்களில் அவர்கள் நடத்திய போர்களுக்குப் பயன்பட்டது. இன்று அக்கோட்டை இருந்த இடத்தில் மண்மேடும் புதரும் அகழியின் தடமுமே காண்கின்றன.

அக்கோட்டையின் நிழலில் நிகழ்ந்த கொடுமை ஒன்றுண்டு. பழவேற்காட்டிலிருந்து கைக்குட்டையும் வண்ணத் துணியும் உலகெங்கும் சென்றன என்று பெருமையோடு கூறுவோர், அதே துறையிலிருந்து மக்களும் விலைப்பொருளாகச் சென்றனர் என்பதைக் கூறுவதில்லை. விசயநகரப் பேரரசு தளர்ந்து, உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம் அது. போரோடு பஞ்சமும் சேர்ந்தது. சோற்றுக்கு வழியற்றோரும் போரில் பிடிபட்டோரும் தரகர் கையில் சிக்கினர். 1622, 1623 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் கப்பலேற்றப்பட்டனர். 1621 முதல் 1665 வரையில் 131 கப்பல்களில் 38,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர் என்று ஒல்லாந்தக் கம்பெனியின் ஏடுகளை ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். கப்பல்களைக் கணக்கிட்டு எழுதிய அவ்வேடுகள் மனிதரின் பெயர்களைப் பெரும்பாலும் எழுதவில்லை.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். பழவேற்காட்டில் பெருங்கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க இயலாது. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்காயினும் ஆளாயினும் சிறு படகில்தான் அலை கடந்து செல்லவேண்டும். இக்கரையின் அலையையும் மணல் திட்டையும் அறிந்தவர் இக்கரையினரே. தரகருள்ளும் உள்ளூரார் இருந்தனர். ஆகவே, பழவேற்காட்டின் போர்க்கால நினைவு என்பது துன்பப்பட்டோர் கதை மட்டும் அன்று. வயிற்றுக்காகவோ அச்சத்தாலோ அத்துன்பத்திற்குத் துணைநின்றோரின் கதையும் அதனுள் அடங்கும். அதனை மறைத்து எழுதினால் அது நினைவாகாது; மெய்க்கீர்த்தியாகும். மெய்க்கீர்த்தி எழுதுவதற்கு அரசர்கள் ஆள் வைத்திருந்தனர். குப்பங்களுக்கு அது வேண்டுவதில்லை.

அக்கப்பல்கள் சென்ற இடங்களுள் ஒன்று பண்டா என்னும் சிறு தீவுக்கூட்டம். இன்று அது இந்தோனேசிய நாட்டைச் சேர்ந்தது. அந்நாளில் உலகில் சாதிக்காய் விளைந்த இடம் அதுவே எனலாம். அவ்விளைவைத் தமக்கே உரியதாக்கிக் கொள்ள விரும்பிய ஒல்லாந்தர், 1621-இல் யான் கூன் என்னும் தலைவனின் கீழ்ப் படையெடுத்து அத்தீவினரை அழித்தனர். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேரளவே எஞ்சினர் என்பர். மக்களற்ற தோட்டங்களில் உழைக்க ஆட்கள் வேண்டியிருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டோர் உழைக்க நேர்ந்தது இத்தகைய மண்ணிலேதான். ஒரு கரையின் போர் மற்றொரு கரையின் மக்களை விழுங்கிய வகை இது.

பண்டா மக்களுள் தப்பியவர் சிலர் படகேறிக் கேய் என்னும் தீவுகளை அடைந்தனர். அங்கே தம் பழைய தீவின் பெயரையே புதிய ஊருக்கு இட்டனர். நானூறு ஆண்டுகள் கடந்தும் அவர்தம் வழியினர் முன்னோர் மொழியைப் பேசுகின்றனர். முன்னோர் கடந்து வந்த வழியைப் பாட்டாகப் பாடுகின்றனர். அவர்களிடம் கல்வெட்டு இல்லை, கோட்டை இல்லை, ஆவணக் களஞ்சியமும் இல்லை. பாட்டி பேரனுக்குச் சொன்னாள். பேரன் தன் மகனுக்குச் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத கயிறு ஒன்று நானூறு ஆண்டுகளாக அறுபடாமல் வந்துள்ளது. பழவேற்காட்டிலிருந்து சென்றோருக்கோ அத்தகைய கயிறும் வாய்க்கவில்லை. சென்ற இடத்தில் அவர்கள் பிறரோடு கலந்து மறைந்தனர். புறப்பட்ட இடத்தில் அவர்களைப் பற்றிப் பேசுவார் இல்லை.

பின்னும் போர்கள் வந்தன. ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் பொருத காலத்தில், 1781 ஜூலைத் திங்களில் ஆங்கிலேயர் பழவேற்காட்டைக் கைப்பற்றினர். அடுத்த திங்களின் தொடக்கத்தில், வங்காளத்திலிருந்து நடந்து வந்த படையும் சென்னையிலிருந்து தளபதி கூட் நடத்திவந்த படையும் இங்கேதான் ஒன்று கூடின. ஒரு சிற்றூரில் இரு பெரும்படைகள் வந்திறங்கினால் அவ்வூரின் அரிசிக்கும் ஆட்டுக்கும் விறகுக்கும் யாது நேரும் என்பதை எழுதிக் காட்டவும் வேண்டுமோ? பலமுறை கைம்மாறிய பழவேற்காடு 1825-இல் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

இவை யாவும் பழங்கதை என்று ஒருவர் தள்ளிவிடலாம். உயிரோடிருப்போர் நினைவில் எஞ்சிய போர் ஒன்று உண்டு. அதனைத் தள்ளிவிட இயலாது.

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னையின்மீது குண்டு பொழிந்தது. துறைமுகத்தை அடுத்த எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. சென்னையில் உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கு ஒரு நினைவுப் பலகை உண்டு. அப்பலகையைப் பார்த்தவர் சிலரே. ஆனால் ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்லாத தமிழர் உண்டோ? கல் மறந்ததைச் சொல் காத்தது. மக்கள் தாமே ஆக்கிக் கொண்ட நினைவுச் சின்னம் அந்தச் சொல்.

இரண்டாம் உலகப் போரில் இடர் இன்னும் அணுகி வந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-இல் இரங்கூன் வீழ்ந்தது. மார்ச் 23-இல் அந்தமானில் ஜப்பானியர் இறங்கினர். ஏப்ரல் 5-இல் கொழும்பின்மீதும், 6-இல் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின்மீதும், 9-இல் திருகோணமலையின்மீதும் குண்டுகள் விழுந்தன. வங்கக் கடலில் சில நாட்களுள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. காக்கிநாடாவுக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட கரையில்தான் பழவேற்காடு உள்ளது. சென்னையிலோ, இன்றியமையாத பணியில் இல்லாதோர் நகரைவிட்டு நீங்குமாறு அரசு அறிவித்தது. அலுவலகங்கள் பல உள்நாட்டுக்கு மாற்றப்பட்டன. புகைவண்டிகளில் இடம் கிடைக்காமல் மக்கள் வண்டி கட்டிக்கொண்டு சென்றனர். 1943 அக்டோபரில் ஓர் இரவு சென்னைத் துறைமுகப் பகுதியிலும் ஜப்பானிய விமானம் ஒன்று குண்டு வீசிற்று.

உள்நாட்டில் உறவினர் உள்ளவன் ஓடினான். நிலம் உள்ளவன் நிலத்தை நோக்கி ஓடினான். நீரையே நிலமாகக் கொண்டவன் எங்கே ஓடுவான்? அவன் சோறு இருந்ததும் கடலில். பகை இருந்ததும் கடலில். அரசு கடலோர மக்களை எவ்வாறு நடத்தும் என்பதற்கு வங்காளம் ஒரு சான்று. பகைவன் கையில் சிக்கலாகாது என்று கருதி, 1942-இல் அங்கே பத்துப் பேருக்கு மேல் ஏறத்தக்க படகுகளை ஆயிரக்கணக்கில் பறித்தனர், பலவற்றை உடைத்தனர். ஆற்றிலும் கழியிலும் மீன் பிடித்தவர் கையற்று நின்றனர். அடுத்த ஆண்டு வந்த பெரும்பஞ்சத்தில் முதலில் மடிந்தவருள் மீனவர் பலர். படகைப் பறித்த ஆணை எழுத்தில் உள்ளது; படகை இழந்தவன் அன்று மாலை வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் என்ன சொன்னான் என்பது எவ்வேட்டிலும் இல்லை.

அந்தமான் தீவினர் பட்டது இதனினும் கொடிது. 1942 முதல் 1945 வரை அவர்கள் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தனர். ஒற்றர் என்று ஐயுற்று மக்களைப் பிடித்து வதைத்தனர். மருத்துவரும் கவிஞருமான திவான் சிங் சிறையில் பட்ட வதையால் 1944 ஜனவரி 14-இல் உயிர்நீத்தார். அதே திங்கள் 30-ஆம் நாள் ஹம்ப்ரேகஞ்ச் என்னுமிடத்தில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்திய விடுதலையை வேண்டி நின்றவர் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி. போர் முடியும் தறுவாயில், உணவு தட்டுப்பட்டபோது, பயன்படார் என்று கருதிய பல நூறு பேரைப் படகில் ஏற்றி, இன்று சுவராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக் தீவின் அருகே கடலில் தள்ளினர்.

அத்தீவினர் இவற்றை மறக்கவில்லை. ஹம்ப்ரேகஞ்சில் நினைவிடம் உண்டு. ஜனவரி 30-இல் அங்கே அஞ்சலி செலுத்துகின்றனர். திவான் சிங் பெயரால், போர்ட் பிளேர் என முன்னர் வழங்கிய நகரில் குருத்வாரா உண்டு. கடலில் தள்ளப்பட்டோருக்கு மட்டும் நட்டுவைக்க ஓர் இடமில்லை. நீரில் கல் நடுவது எங்ஙனம்?

இவ்விடத்தில் தடை எழுப்புவோர் உண்டு. பழவேற்காட்டில் ஜப்பானியர் இறங்கவில்லை. ஹம்ப்ரேகஞ்ச் போன்ற படுகொலை நிகழவில்லை. நிகழாததற்கு நினைவு எதற்கு என்பர். இக்கூற்று நேர்மையானதே, அதனால்தான் விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். இறந்தோர் தொகையைக் கொண்டே நினைவின் தகுதியை அளப்பது பிழை. அஞ்சி வாழ்ந்த இரவுகளும் வரலாறே. விளக்கேற்றாமல் உண்ட உணவும் வரலாறே. அந்தமானின் துன்பத்தைப் பழவேற்காடு கடன் வாங்கிக் கொள்ளல் ஆகாது. தன் சிறிய துன்பத்தைச் சிறியதாகவே எழுதி வைத்தால் போதும்.

மற்றொரு தடை இன்னும் வலியது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வளம் குன்றுகிறது; பிழைப்பே அரிதாகும் நாளில் நினைவு எதற்கு என்று மீனவரே கேட்கக்கூடும். பசித்தவனிடம் சென்று பழம்பெருமை பேசுதல் பண்பாகாது. ஆயினும், இம்மக்கள் நினைவை வீண் சுமையாகக் கருதுவோர் அல்லர். ஏரியில் ‘பாடு’ என்னும் முறை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. எவ்வூரார், எக்குடும்பத்தார், எந்நாளில், எந்த இடத்தில் இறால் பிடிக்க வலை கட்டலாம் என்பதை முறைவைத்து வகுக்கும் ஒழுங்கு அது. உரிமையுடையோர் பெயர்ப் பட்டியலைக் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பத்தார் கருத்தோடு பேணி வந்துள்ளனர். பாட்டன் பெயர் அப்பட்டியலில் இருந்தமையாலேயே பேரன் இன்று வலை கட்டுகிறான். நினைவு சோறு போடும் என்பதை இவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உரிமையை எழுதி வைத்தவர் துன்பத்தை எழுதி வைக்கவில்லை என்பதே குறை.

ஊர் நிலைத்திருக்கும் என்று நம்பியிருப்பதும் தகாது. 1969-இல் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏவுதளத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்து எழும் ஏவுகலங்கள் நாட்டுக்குப் பெருமை தருவன, அதில் ஐயமில்லை. ஆனால் அத்தீவில் வாழ்ந்த குடும்பங்கள் பிரிந்து பல இடங்களுக்குச் சென்றன. ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிய முதியோர் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே அமர்ந்தால், ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பது எப்படி?

நினைவுக்கு எத்தகைய உருவம் தருவது? தமிழர்க்கு இதில் பழம்பயிற்சி உண்டு. போரில் வீழ்ந்தோனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, பெயரையும் செயலையும் பொறித்து நடும் முறையைத் தொல்காப்பியம் கூறுகிறது. அம்மரபு இன்றும் மறையவில்லை. இரண்டாம் உலகப் போரில் சயாம், பர்மா இடையே இருப்புப்பாதை இட ஜப்பானியர் மலேயாவிலிருந்து தமிழ்த் தொழிலாளரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். மாண்ட வெள்ளையர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் ஒழுங்காக அமைந்தன. தமிழ்த் தொழிலாளர்க்கோ பெயருடைய கல்லறை வாய்க்கவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல், அவர்களுக்காக அந்நகரில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. நற்செயலே. எனினும், மாண்டோர் பெயர்கள் திரட்டப்படாமையால், அக்கல்லில் அவற்றையெல்லாம் எழுத வழியில்லாது போயிற்று. கல் எப்போதும் கிடைக்கும். பெயர் ஒரு காலத்தில்தான் கிடைக்கும்.

ஆதலின் பழவேற்காட்டில் முதலில் வேண்டுவது கல் அன்று, ஏடு. அவ்வூர்ப் பள்ளி மாணவரே அதனைத் தொடங்கலாம். 1942-இல் பத்து வயதினராய் இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். அவர்கள் மிகச் சிலர். அவர்களிடம் சென்று அமர்ந்து, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக் கொள்ளுதல் வேண்டும். கண்டதைக் கண்டதென்றும், தாய் சொல்லக் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்து எழுதுதல் வேண்டும். ஒருவர் சொன்னது மற்றொருவர் சொன்னதோடு முரணினால், இரண்டையும் எழுதுக, திருத்த முற்படற்க. இலக்கிய நயம் சேர்க்கவும் வேண்டா. ஏட்டின் ஒரு படி பள்ளியிலும், ஒரு படி ஊராட்சி அலுவலகத்திலும், ஒரு படி பாட்டுப் பட்டியலை வைத்திருக்கும் ஊர்ப் பெரியவரிடமும் இருக்கட்டும்.

கேட்கவேண்டிய கேள்விகள் கடினமானவை அல்ல. அந்த ஏப்ரலில் வலை கடலுக்குப் போயிற்றா? எத்தனை நாள் போகவில்லை? படகைக் கேட்டு எவரேனும் வந்தனரா? சென்னையிலிருந்து ஓடி வந்தோர் எவரேனும் ஏரிக்கரையில் தங்கினரா, அவர்களுக்குச் சோறிட்டவர் யார்? அரிசி என்ன விலை விற்றது? இரவில் அடுப்பை அணைத்தது யார் சொல்லி? கரையில் ஏதேனும் ஒதுங்கிற்றா?